வாசித்து விளங்கிக்கொண்டேன்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கொம்பியூட்டர் சவூதியிலிருந்து வந்தது. சித்தி அங்கே ஆறு வருஷம் யாரோ பெற்ற பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டு ஹாலிஎலைக்குத் திரும்பியபோது, அந்தப் பிள்ளைகள் பழசென்று ஒதுக்கிய பெட்டியைக் கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்தாள். பெட்டியோடு ஒரு புத்தகமும் வந்தது. செங்கல் மொத்தம். திறந்தால் அரபு.

லயத்தில் நாலு எழுத்துத் தெரிந்தவர் மாமாதான். அவர்தான் முதலில் புரட்டினார். முதல் பக்கம் என்று அவர் எடுத்தது கடைசிப் பக்கம். "இவனுங்க முடிவுல இருந்துல்ல தொடங்குறானுங்க" என்று மூடி என் கையில் கொடுத்தார். நான் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளப் போனேன். சித்தி பதறிவிட்டாள். அரபு எழுத்து, உள்ளே சாமி பேர் ஏதாவது இருக்கும், கால் படக்கூடாது. புத்தகம் சாமித்தட்டில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தது. கொம்பியூட்டரை இரண்டாம் வருஷத்து ஒக்டோபர் இடி கொண்டுபோய்விட்டது. புத்தகத்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் சரஸ்வதி பூசைக்கு அதற்குத்தான் முதல் சந்தனம்.

மலையகத்துக்கும் கையேட்டுக்கும் நடந்த சம்பந்தமே இந்த மாதிரிதான். புத்தகம் வரும், மரியாதையாக வைத்திருப்போம். யாருக்கு எழுதியது என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்த மலையில் புழங்கிய பழைய கையேடுகளில் ஒன்று எங்களைப் பற்றியது. தேயிலை மிஷினை எப்படி ஓட்டுவது என்று புத்தகம் போட்ட மாதிரி, ஆட்களை எப்படி ஓட்டுவது என்று வெள்ளைக்காரன் போட்ட புத்தகம். பெயர் 'இங்கே வா'. நான் கட்டிய பெயரல்ல. கொழும்பில் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை நடத்திய ஃபெர்குசன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்டு விற்ற புத்தகம். 'இங்கே வா, அல்லது சின்னதுரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி' என்பது முழுப் பெயர். 'வாங்க' என்று போட்டிருந்தால் அட்டையில் கூட இரண்டு எழுத்து மை செலவாகியிருக்கும். ஸ்கொட்லாந்துக்காரர்கள், சிக்கனம்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அபர்டீன் பக்கத்திலிருந்து மீசை முளைத்தும் முளைக்காத ஒரு பையன் கப்பலேறி வருகிறான். ஊரில் அவன் ஆட்டுக்கு அதிகாரம் செய்திருந்தால் பெரிய விஷயம். இங்கே வந்ததும் சின்னதொரை. விடிகாலை பெரட்டுக்களத்தில் முந்நூறு பேர் கம்பளி போர்த்தி நிற்கிறார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, விரலால் வரியைத் தொட்டு, வாயைத் திறக்கிறான். வந்தது தமிழ்தானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் முந்நூறு பேரும் அசைகிறார்கள்.

பழைய டொஸ் கொம்பியூட்டரை ஓட்டிய தலைமுறைக்கு இது விளங்கும். கறுப்புத் திரையில் ஒற்றைச் சொல் கட்டளை, தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். டொஸ்ஸில் ஓர் எழுத்து பிசகினால் மெஷின் முறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பாட்டன் பூட்டன் அப்படி இல்லை. தொரை "இங்கே போ" என்றாலும் போக வேண்டிய மலைக்குப் போனார்கள், "அங்கே வா" என்றாலும் வர வேண்டிய நேரத்துக்கு வந்தார்கள். அவ்வளவு பிழை பொறுக்கும் மெஷினை அதற்குப் பிறகு யாரும் செய்யவில்லை.

நடுவில் கங்காணி நிற்பார். தொரையின் தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்ப்பது அவர் வேலை. உதவிக்கு அழைக்க இன்றைக்குக் கம்பனிகள் நம்பர் கொடுக்கின்றனவே, அந்த நம்பரை அழுத்தினால் வரும் ஆள் அவர்தான். அழைப்புக் கட்டணமும் உண்டு. தன் கூட்டத்து ஆள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குப் 'பென்ஸ் காசு' என்று ஒரு கமிஷன் விழும். ஆள் வியர்வை சிந்தினால் கங்காணி பையில் சத்தம் கேட்கும்.

1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் இன்னொரு புத்தகம் போட்டார். பெயரில் ஒளிவுமறைவே இல்லை: 'கூலித் தமிழ்'. தொல்காப்பியர் விட்டுவைத்த இயலை வெல்ஸ் முடித்துக் கொடுத்தார். ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கையேடு போட எந்த அச்சகத்துக்கும் தோன்றவில்லை. 'அங்கே போ, அல்லது லயத்துக்காரரின் இடுப்புமடிச் சின்னதொரை வழிகாட்டி' என்று ஒன்று வந்திருந்தால் முதல் நாளே விற்றுத் தீர்ந்திருக்கும். தொப்பி நெற்றியில் இருந்தால் என்ன அர்த்தம், பிடரியில் இருந்தால் என்ன அர்த்தம், குதிரையை விட்டு இறங்கும்போது முதலில் இடதுகால் வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றெல்லாம் எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். திருவிழாக் கூத்தில் கோமாளி தொரை வேஷம் கட்டி வந்து பேசும் தமிழில் அந்தப் புத்தகத்தின் மிச்சத்தை நானே கேட்டிருக்கிறேன்.

கையேடுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சாகி வருவதற்குள் விஷயம் செத்துப் போயிருக்கும். நம்ம ஊவாவிலேயே அதற்கு முதல்தரச் சாட்சி இருக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி தெரிந்தது. அந்தப் பூஞ்சணத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயரிலேயே நாசகாரி என்ற பொருள் இருக்கிறது. தொரைமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி எப்படி நடுவது, எப்படி கவ்வாத்து வெட்டுவது, எப்படி காயவைப்பது என்று 1870களிலும் புத்தகங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுத் தொரை நிமிர்ந்து பார்த்தால் வெளியே மலை மொட்டை. கோப்பி போய்விட்டது, கொப்பி மட்டும் மிச்சம். 1886இல் டி. சி. ஓவன் தேயிலைக்குக் கையேடு போட்டார். அதே மலை, அதே தொரை, அதே லயம், அதே ஆட்கள். செடியை மட்டும் மாற்றிப் புது வெளியீடு என்றார்கள். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபோன் கம்பனிக்காரன் செய்வதும் இதுதானே.

ஆட்களை இறக்குமதி செய்த விதத்தைச் சொன்னால் சொஃப்ட்வெயர்காரர்கள் உரிமை கேட்டு வந்துவிடுவார்கள். பெட்டியில் வரும் சொஃப்ட்வெயருக்கு ஒரு சீரியல் நம்பர் இருக்குமே, அதைப் போட்டால்தானே திறக்கும்? 1901இல் இலங்கை அரசாங்கம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. 'தகர டிக்கெட்'. தமிழ்நாட்டில் ஆள் சேர்த்ததும் அவர் கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கயிற்றில் கோத்து மாட்டுவார்கள். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். அதைக் காட்டினால் கப்பல், ரயில், நடுவில் சோறு எல்லாம் கடனுக்குக் கிடைக்கும். பில் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்திலிருந்து கணக்கு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு சலுகை. 1901இல் ரயில் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்தது, பதுளைக்கு வர 1924 ஆனது. ஆகவே மிச்சத் தூரத்தைத் தகரம் நெஞ்சில் தட்டத் தட்ட நடந்தே டவுன்லோட் ஆனார்கள்.

வந்த ஆள் போக நினைத்தால்? அதற்குத் 'துண்டு'. தோளில் போடும் துண்டல்ல. "இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், யார் கட்டுகிறார்களோ அவர்களிடம் விடுகிறேன்" என்று தொரை எழுதிக் கொடுக்கும் கடதாசி. கணக்கில் துண்டு விழும், அதனால் கையில் துண்டு விழும். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. கங்காணிமார் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தோட்டம் கூடக் கொடுக்கும் என்று பார்த்து நடந்தார்கள். ஆள் ஹாலிஎல மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், அவருடைய துண்டு பசறைப் பக்கம் விலை பேசப்பட்டுக்கொண்டிருக்கும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை நிறுத்தினார்கள். கடதாசி நின்றதே தவிர, கடதாசி மோகம் நிற்கவில்லை.

தோட்டத்து வேலைநாள் கணக்கேடான செக்ரோலைச் சொல்லாமல் போனால் அப்பாயி கனவில் வந்து திட்டுவாள். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று கேட்டால் குடும்பத்தில் எத்தனை தலை என்று அர்த்தமல்ல. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அப்பாயி நாற்பது வருஷம் வேலை செய்தாள். அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. ஒபீஸில் அது ஒரு நம்பர். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பெயர் கேட்டபோது அப்பாயி பளிச்சென்று செக்ரோல் நம்பரைச் சொன்னாள். நேர்ஸ் அதைக் கட்டில் நம்பர் என்று நினைத்து வேறொரு பாட்டிக்கு ஊசி போடப் போய்விட்டாள்.

1948க்குப் பிறகு வந்தது கடதாசியின் பொற்காலம். அந்த வருஷத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை ஒரே வீச்சில் வெளியே வைத்தது. உள்ளே வர வேண்டுமானால் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பம் போட வேண்டும். கலியாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து இங்கேயே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? கடதாசியை வைத்து. பத்தடி காம்பராவில், கூரை ஒழுகும் இடமெல்லாம் சட்டி வைத்துவிட்டு மிஞ்சிய இடத்தில் படுத்தவர்கள், டிரங்குப் பெட்டிக்குள் கறையான் தின்றது போக மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு கியூவில் நின்றார்கள். தாத்தாவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிறந்ததற்கு ஆதாரமாக அவரே நேரில் போய் நின்றார். அது போதாது என்றார் அதிகாரி.

எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964இல் சிறிமா அம்மையாரும் சாஸ்திரியாரும் உட்கார்ந்து பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இங்கே 3,00,000. 1,50,000 பேர் மிச்சம். அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். மீதிச் சில்லறைக்குக் கடைக்காரன் டொபி கொடுக்கிற மாதிரி, பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதி, 75,000 என்று அதையும் பிரித்தார்கள். எல்லாம் ஒருவழியாக ஓய்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு. 1948இல் இறக்கிய சொஃப்ட்வெயரில் இருந்த பிழைக்கு 55 வருஷம் கழித்து அப்டேட் வந்தது. அதுவரை மெஷின் நின்றதா என்றால், இல்லை. கொழுந்து வந்துகொண்டேதான் இருந்தது.

இந்த ஊர்க்கதைக்கும் உலகக்கதைக்கும் நடுவில்தான் எனக்குக் கொம்பியூட்டர் பைத்தியம் பிடித்தது. வெளியே உலகத்தில் அது புத்தகக் காலம். 1981இல் ஐ.பி.எம். தன் சின்னக் கொம்பியூட்டரை விற்றபோது வளையம் போட்ட கையேடுகளும் வந்தன. மேசையில் எது கருவி எது புத்தகம் என்று தேட வேண்டும். விண்டோஸ் 95 வந்தபோது 13 ஃபிளொப்பி. பெட்டியை மூடிய பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாலே உள்ளே இருக்கும் நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று அர்த்தமாம். நிபந்தனையோ உறைக்கு உள்ளே. படிக்க வேண்டுமானால் கிழிக்க வேண்டும், கிழித்தால் சம்மதித்தாயிற்று. 1996இல் ஒரு அமெரிக்க நீதிமன்றம் அது செல்லும் என்றே சொல்லிவிட்டது. எங்கள் கொள்ளுத்தாத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கப்பலேறிய பிறகுதான் அவருக்கும் நிபந்தனை தெரிந்தது.

சித்தி கொண்டுவந்ததைத் தவிர, எங்கள் ஊருக்கு அந்தப் பெட்டிகளும் வரவில்லை, புத்தகங்களும் வரவில்லை. வந்தது ஒற்றைத் தாள்.

இலங்கையில் தமிழ் தட்டியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்: பாமினித் தாள். எந்த எழுத்துக்கு எந்த விசை என்று பெட்டி பெட்டியாகப் போட்ட அந்தப் போட்டோகொப்பி. போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. ஐந்தாம் தலைமுறையில் 'ண'வும் 'ன'வும் ஒரே கறுப்புத் திட்டு. நான் படித்த வகுப்பில் அது சுவரில் ஒட்டியிருந்தது, பக்கத்தில் லக்ஷ்மி படம். இரண்டையும் கும்பிட்டுவிட்டுத்தான் மவுஸைத் தொடுவோம்.

பாமினி என்பது வெறும் எழுத்துருவல்ல, ஆங்கிலத்துக்குப் போட்ட முகமூடி. உள்ளே இருப்பது ஆங்கில விசை, வெளியே தெரிவது தமிழ் முகம். 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'தமிழ்' வேண்டுமா? ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. 'மூ' வேண்டுமானால் சதவீதக் குறி. 'மூன்று' என்று எழுதத் தொடங்கும்போதெல்லாம் வட்டிக் கணக்கு போடுகிற மாதிரி இருக்கும். எங்கள் விரல்களுக்கு இது மனப்பாடம். இன்றைக்கும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டால் 'தாயே' என்பதற்கு முன்னால் விசையின் பெயர்தான் வாயில் வரும்.

முகமூடி இல்லாத மெஷினில் அந்த ஃபைலைத் திறந்தால் என்ன நடக்கும்? அதுதான் என் மச்சான் கலியாணத்தில் நடந்தது.

பத்திரிகையை நான்தான் அடித்தேன். பிள்ளையார் சுழி, இருபக்கத்துப் பாட்டன்மார், தாய்மாமன்மார், நேரம், மண்டபம், பூ போட்ட கரை. ஃபிளொப்பியில் போட்டு, ஈரம் படாமல் சொப்பிங் பையில் சுற்றி, பதுளையில் ஓர் அச்சகத்துக்கு ஆள் விட்டேன். எழுத்துருவையும் அதே ஃபிளொப்பியில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அச்சகத்தில் அன்றைக்கு இருந்தவர் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு பையன். அவன் மெஷினில் பாமினி கிடையாது. திறந்தான். மேலே பெரிய எழுத்தில் ஜே, பி, யூ, கே, இசட் என்று வந்தது. 'திருமண' என்று நான் அடித்த அழகு. அடியில் முழுப் பக்கத்துக்கும் அதே மாதிரி, இடையிடையே அரைப்புள்ளியும் சதவீதமும். பையன் யோசித்திருக்க வேண்டும். ஆங்கிலம் என்று முடிவு செய்தான். நல்ல வேலைக்காரன், தங்க மையில் இருநூறு அடித்து, கவரில் போட்டு, ஒட்டியும் கொடுத்துவிட்டான்.

கவர் ஒட்டியிருந்ததால் எங்களில் யாரும் திறந்து பார்க்கவில்லை. மாமா பெயர் எழுதி, மஞ்சள் தடவி, தெமோதரை, உடுவர, ஸ்பிரிங்வெலி, பசறை என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை. அதுதான் விஷயம். இருநூறு வீட்டில் ஒரு வீட்டில்கூட 'இது என்ன மொழி' என்று கேட்கவில்லை. ஸ்பிரிங்வெலிப் பெரியப்பா திறந்து, கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்றாராம். தெமோதரைப் பக்கத்தில் வேறு கதை ஓடியது: 'இங்கிலீஷ்ல அடிச்சிருக்காங்க, பொண்ணு வீடு பெரிய இடம்.' அதனால் அந்தப் பக்கத்திலிருந்து மொய் கொஞ்சம் கூடவே விழுந்தது. நேரமும் மண்டபமும் எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது என்றால், மாமா ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாயால் சொல்லியிருந்தார். மலையகத்தில் கடதாசி கொடுப்பது வேறு, செய்தி சொல்வது வேறு.

கலியாணத்தன்று மண்டப வாசலில் ஒட்டியிருந்த பத்திரிகையை ஒரு சின்னப் பிள்ளை வாசிக்கப் பார்த்து அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்து மச்சானிடம் சொன்னேன். அவன், "தெரியும்டா. எனக்கும் விளங்கல, ஆனா கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றான்.

யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் போட்டு வைத்திருந்தார்கள் என்று பிறகு படித்தேன். ஹாலிஎல சந்திக்கு அது வந்து சேர இன்னொரு தலைமுறை ஆனது. வெலிமடை ரோடும் பண்டாரவளை ரோடும் முட்டிக்கொள்ளும் சந்தி. பஸ் எல்லாம் நின்றுதான் போகும், நல்ல விஷயங்கள் மட்டும் நிற்காமல் போய்விடும். சீடி காலம் ஒன்று வந்தது: கொழும்பிலிருந்து வரும் ஒரே சீடியில் உலகத்துச் சொஃப்ட்வெயர் அத்தனையும், நூற்றைம்பது ரூபாய்க்கு. கையேடு கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சீடியும் போனது. எல்லாம் காற்றில் வரத் தொடங்கியது. காற்று எங்கள் பக்கம் அடிக்கிற அளவுக்குத்தான் வரும். 2021இல் லுணுகல பக்கத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காக மரத்தின் மேல் குடில் கட்டி ஏறி உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பழைய குருகுலம் மரத்தடியில் நடந்தது, இது மரத்து நுனியில்.

நான் இப்போது உட்காருவது ஒரு நண்பனின் கொமினிகேஷன் கடையில். ஃபோன் ரீலோட், போட்டோகொப்பி, லெமினேட், அடையாள அட்டைப் படிவம், சத்தியக்கடதாசி. புது ஃபோன் வாங்கிய ஆயாமார் அதைத் திறந்து கொடுக்கச் சொல்லி வருவார்கள். திரையில் நிபந்தனை ஓடும். முழுவதும் வாசித்தால் விடிந்துவிடும். அடியில் 'ஐ அக்ரீ'.

"என்ன தம்பி கேக்குது?"

"சம்மதமான்னு கேக்குது ஆயா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"சரி, போட்டுக் குடு."

பிறகு கைரேகை வைக்கச் சொல்லும். அங்கேதான் சிக்கல். ஐம்பது வருஷம் கொழுந்தெடுத்த பெருவிரல். ரேகையெல்லாம் செடியிடமே போய்விட்டது, வழுவழுவென்று இருக்கும். ஃபோன் ஏற்காது. மறுபடி வை, இன்னும் அழுத்து என்று கெஞ்சும். பழைய கங்காணியின் மைப்பெட்டி இந்த விஷயத்தில் எவ்வளவோ பெருந்தன்மை. கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தால் போதும், இவள்தான் என்று எழுதிக்கொண்டுவிடும்.

கடைசியாக 2022. அந்த வருஷத்தை யாரும் மறக்கவில்லை. மார்ச்சில் நாட்டில் கடதாசியே இல்லை. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. கடதாசியும் இல்லை, கரண்டும் இல்லை. சரி, டிஜிட்டலுக்குப் போவோம் என்று அரசாங்கம் முடிவெடுக்க இதைவிட நல்ல நேரம் ஏது? ஜூலையில் கியூஆர் வந்தது. வாகன நம்பர், அடையாள அட்டை நம்பர், செசி நம்பர் கொடுத்துப் பதிந்தால் ஃபோனுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரும். அதைக் காட்டினால் பெட்ரோல். த்ரீவீலுக்குக் கிழமைக்கு ஐந்து லீட்டர்.

எங்கள் கடை வாசலில் கியூ. எதற்கு? அந்தக் கட்டத்தைக் கடதாசியில் எடுக்க. ஃபோன் சார்ஜ் இருக்காது, கண்ணாடி உடைந்திருக்கும், மழையில் நனையும். நாடே தாளுக்கு அலைந்த நேரத்தில் நண்பன் எங்கிருந்தோ நாலு கட்டு தாள் பிடித்து வைத்திருந்தான். வெட்டி, லெமினேட் பண்ணி, மூலையில் ஓட்டை போட்டுக் கொடுத்தோம். டிஜிட்டல் யுகத்தில் எங்களுக்கு அவ்வளவு நல்ல வியாபாரம் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை.

ஓட்டையில் கயிறு கோத்துக் கேட்டது த்ரீவீல் ஓட்டும் ஒரு அண்ணன். ஓட்டும்போது கை ஓயாது, கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன் என்றார். மாட்டினார். சட்டைப் பொத்தானுக்கு நேரே அது ஆடியது. நான் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவசரத்தில் காசைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயந்தரம் பெட்ரோல் ஷெட்டில் நானும் மோட்டார்சைக்கிளோடு நின்றேன். எனக்கு முன்னால் பதினேழாவது ஆளாக அந்த அண்ணன். மூன்று மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது. நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். பம்ப்பில் நின்ற பையன் ஃபோனை அதன் மேல் பிடித்தான். லெமினேட்டில் லைட் அடித்தது, ஏற்கவில்லை. சாய்த்துப் பிடித்தான், ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துப் பார்த்தான். சிக்னல் போய்விட்டது. பின்னால் நின்ற நாங்களெல்லாம் கத்தினோம். பையன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டான், காற்சட்டைப் பின்பக்கத்திலிருந்து ஒரு எண்பது பக்கக் கொப்பியை உருவினான், காதில் சொருகியிருந்த பேனையை எடுத்தான்.

"நம்பரைச் சொல்லுங்க அண்ணே."